இணையக் கடையும் ஜவுளி விற்பனையும்

ஜவுளி விற்பதற்கு இணையத்தில் ஒரு கடை திறப்பது இன்று பெரிய காரியமன்று. சில ஆயிரம் ரூபாய் செலவில், ஒரு வார காலத்திற்குள், படங்களுடன் கூடிய கடை தயாராகிவிடுகிறது. பணம் பெற்றுக்கொள்ள 2016 முதல் யு.பி.ஐ. முறை நடைமுறையில் உள்ளது. சரக்கைக் கொண்டு சேர்க்க அஞ்சலகமும் கூரியர் கம்பெனிகளும் இருக்கின்றன. இவ்வளவும் அமைந்த பின்னும், "கடை திறந்து மூன்று மாதமாகிறது, விற்றது நாலு சேலை, அதில் ஒன்று திரும்பி வந்துவிட்டது" என்ற நிலை ஏன் ஏற்படுகிறது? ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நிர்வாகக் குழுவினர் இக்கேள்வியை என்னிடம் கேட்பதுண்டு. கேட்கும்போதே, "நம் சரக்கில் குறையா, விலை அதிகமா?" என்று இரண்டு விடைகளையும் தாங்களே முன்வைக்கிறார்கள். பெரும்பாலான சங்கங்களில் இவ்விரண்டும் முதற்காரணம் அல்ல என்பது என் கருத்து. எது காரணம் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நலம். ஏனெனில், தவறான காரணத்தை நம்பி விலையைக் குறைத்தால் அந்தக் குறைவு கடைசியில் நெசவாளரின் கூலியில்தான் வந்து விடியும்.

தனி வியாபாரி ஒருவர் இணையக் கடை வைத்து நஷ்டப்பட்டால் அது அவர் கைப்பணம். சங்கத்தின் நிலை வேறு. விற்காத சேலை கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு நாளும் காசுக்கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. சரக்கில் முடங்கிய தொகையால் நூல் கொள்முதல் தடைப்படுகிறது. அடுத்த பாவுக்கு நூல் கேட்டு வரும் அங்கத்தினரிடம், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று செயலாளர் சொல்ல நேரிடுகிறது. ஆகவே, இணையக் கடையில் ஏன் விற்கவில்லை என்பது தறியில் உட்கார்ந்திருப்பவர்களின் கேள்வியே ஆகும்.

கடைவீதியில் திறக்கும் கடைக்கும் இணையத்தில் திறக்கும் கடைக்கும் உள்ள வேற்றுமையை முதலில் கவனிக்க வேண்டும். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் விற்பனை நிலையங்கள் பெரும்பாலும் ஊரின் நடுவே, மக்கள் போக்குவரத்து மிகுந்த தெருக்களில் அமைந்திருப்பதைக் காண்கிறோம். கோயிலுக்குப் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர், பாத்திரம் வாங்க வந்தவர் ஆகிய அனைவர் கண்ணிலும் அந்தப் பெயர்ப்பலகை படுகிறது. உள்ளே வருகிறவரில் பாதிப்பேர் துணி வாங்கும் எண்ணத்தோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர். நாம் கொடுக்கும் வாடகையில் பெரும்பகுதி அந்தத் தெருவுக்காகக் கொடுப்பதே. இணையக் கடைக்கு வாடகை சொற்பம். ஆனால் அதற்குத் தெரு கிடையாது. ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில் அழகான கதவொன்றை நிறுத்தி, உள்ளே விளக்கேற்றி வைத்தாற்போல அது இருக்கிறது. முகவரி அறிந்தவர் மட்டுமே அங்கு வர இயலும்.

"கூகுளில் தேடினால் நம் கடை வராதா?" என்று கேட்கலாம். வரும், ஆனால் பல பக்கங்களுக்குப் பின்னால் வரும். பட்டுச் சேலை என்று தேடுபவருக்கு ஆயிரக்கணக்கான கடைகளின் பெயர்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பல ஆண்டுகளாக இருப்பவை, பிற தளங்களால் சுட்டப்படுபவை, மக்கள் அடிக்கடி திறந்து பார்ப்பவை ஆகியவற்றையே தேடுபொறி முன்னால் நிறுத்துகிறது. நேற்றுத் திறந்த கடைக்கு அந்த வரிசையில் இடம் பிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். மேலும், நம் சங்கங்கள் சரக்குக்கு வைக்கும் பெயர்கள் கிடங்குக்கு ஏற்றவையே தவிர, வாங்குவோர் தேடுபவை அல்ல. "ரகம் எண் 214" என்று எந்த மருமகளும் தேடுவதில்லை. அவர் "அலுவலகத்துக்குக் கட்டப் பருத்திச் சேலை" என்றோ, "அறுபதாம் கல்யாணத்துக்கு அரக்குப் புடவை" என்றோ தேடுகிறார்.

ஆட்களை வரவழைக்க விளம்பரம் செய்வது ஒரு வழி. அதன் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிடலாம். வரி நீங்கலாக 1,500 ரூபாய் விலையுள்ள ஒரு பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். நூல், சாயம், கூலி, நிர்வாகம் எல்லாம் சேர்ந்து அடக்கம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 300. பெட்டிக்கும் கூரியருக்கும் 100 ரூபாய், பணம் வசூலித்துத் தரும் கம்பெனியின் கட்டணம் 30 ரூபாய் போனால் 170 ரூபாய் நிற்கும். இனி விளம்பரச் செலவு. கைப்பேசியில் விளம்பரத்தைத் தொட்டு ஒருவர் நம் கடைக்குள் வருவதற்கு 4 ரூபாய் வீதம் நாம் கொடுப்பதாகக் கொள்வோம். நூறு பேர் வந்தால் ஒருவர் அல்லது இருவர் வாங்குவதே இத்தொழிலில் சாதாரணமாகக் காணப்படுவது. பெயர் தெரியாத கடைக்கு அதுவும் குறையும். நூற்றுக்கு ஒருவர் வாங்கினார் என்றால், அந்த ஒரு சேலையை விற்க விளம்பரத்துக்கு 400 ரூபாய் ஆயிற்று. கையில் நிற்பது 170. ஆக, சேலை ஒன்றுக்கு 230 ரூபாய் நஷ்டம்! விற்பனை கூடக்கூட இந்த நஷ்டமும் கூடும்.

ஆனால் கணக்கு இதோடு முடிவதில்லை. அதே அம்மையார் சேலையைக் கட்டிப் பார்த்து, பிடித்துப்போய், பொங்கலுக்கு இன்னொன்று வாங்கினால் அதற்கு விளம்பரச் செலவு இல்லை. 170 ரூபாய் முழுதும் நிற்கும். நஷ்டம் 60 ரூபாயாகக் குறைகிறது. தங்கைக்கென்று மூன்றாவதும் வாங்கினால் 110 ரூபாய் லாபம் வந்துவிடுகிறது. எண்கள் சங்கத்துக்குச் சங்கம் மாறலாம். கணக்கின் போக்கு மாறாது. முதற்சேலையை விற்பதில் யாருக்கும் லாபமில்லை. திரும்ப வருபவரை நம்பியே இணையக் கடை பிழைக்க வேண்டும்.

முதலீடு போதுமான அளவு இருந்தால் விளம்பரத்தாலேயே வென்றுவிடலாமே என்று நினைப்போர், லண்டனில் பூ.காம் என்ற பெயரில் நடந்த ஆடைக் கடையின் வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. 1999 நவம்பரில் அது பல நாடுகளில் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டது. பல மொழிகள், பல நாணயங்கள், துணியை எப்பக்கமும் திருப்பிப் பார்க்கும் படங்கள் என எல்லாம் அதில் இருந்தன. அக்காலத்தில் வீடுகளில் இருந்ததோ தொலைபேசிக் கம்பி வழியாக வரும் மெதுவான இணைப்பு. படம் திறப்பதற்குள் பலர் பொறுமை இழந்து போய்விட்டனர். சுமார் 13½ கோடி டாலர் செலவான பிறகு 2000 மே மாதத்தில் கடை மூடப்பட்டது. பணம் இருந்தது, விளம்பரம் இருந்தது. திரும்பத் திரும்ப வாங்கும் கூட்டம் சேருவதற்கு முன்பே பணம் தீர்ந்துபோயிற்று.

இதற்கு நேர்மாறான உதாரணம் கூட்டுறவாளர் அனைவரும் அறிந்ததே. 1844இல் ராக்டேலில் கடை திறந்த 28 பேரிடம் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு போன்ற சில பண்டங்களே இருந்தன. நெசவாளர்கள் பலர் அடங்கிய அந்தச் சிறு கூட்டத்துக்கு வாங்குவோரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, அவர்களே வாங்குவோர். கடை திறந்த முதல் நாளே யார் வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் சங்கங்களுக்கும் அப்படியொரு கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. விற்பனை நிலையத்தின் பழைய பில் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் ஆண்டுதோறும் வருபவர், தவணை முறையில் வாங்கும் பள்ளி ஆசிரியைகள், மகள் கல்யாணத்துக்கு ஒரே நாளில் பத்துச் சேலை எடுத்தவர், வெளியூருக்கு மாற்றலாகிப் போய்விட்ட அரசு ஊழியர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். நம் துணியைக் கட்டித் துவைத்து அறிந்தவர்கள் இவர்களே. அவர்கள் சம்மதம் பெற்று, கைப்பேசிக்கு மாதம் ஒரு முறை நாலு புதிய சேலைகளின் படம் அனுப்பினால் செலவு ஏறக்குறைய இல்லை. இணையக் கடையின் முதல் ஐம்பது வாடிக்கைக்காரர்கள் இப்பட்டியலிலிருந்தே வர வேண்டும். முன்பின் அறியாதவரிடம் விளம்பரம் கொண்டு போவது அதன் பிறகு.

அடுத்து, கையின் பங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். விற்பனை நிலையத்துக்கு வரும் பெண்மணி என்ன செய்கிறார்? சேலையின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்க்கிறார். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார். உட்புறம் திருப்புகிறார். "சாயம் போகுமா? முதல் துவையலில் சுருங்குமா?" என்கிறார். விற்பனையாளர் முந்தானையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டுகிறார். இவ்வளவுக்கும் பிறகே பணப்பை திறக்கிறது. இணையக் கடையில் இவை அனைத்துக்கும் பதிலாக நாம் வைப்பது குழல் விளக்கின் கீழ் மடித்து வைத்து எடுத்த ஒரு படமும், "காட்டன் சேலை, நல்ல தரம்" என்ற ஒரு வரியும்தான். நல்ல தரம் என்று எழுதாத கடை ஏது?

கைக்குத் தெரிவதைக் கண்ணுக்கும் எழுத்துக்கும் மாற்றித் தர வேண்டியது நம் வேலை. நூல் எத்தனையாம் நம்பர், அந்த நம்பர் ஏறினால் துணி மெலியும் என்ற விளக்கம், உடல் எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி உண்டா, அகலம் என்ன, எடை எத்தனை கிராம், கஞ்சி எவ்வளவு, இரண்டு துவையலுக்குப் பின் எப்படி இளகும், முதல் முறை தனியாக அலச வேண்டுமா என்பனவெல்லாம் எழுதப்பட வேண்டும். நமக்கு இவை சொல்லத் தேவையற்ற செய்திகள். பெங்களூரிலோ தில்லியிலோ இருப்பவருக்கு எண்பதாம் நம்பர் என்றால் என்னவென்றே தெரியாது. படங்களும் அவ்வாறே: காலை வேளையில் திண்ணை வெளிச்சத்தில் எடுத்தது ஒன்று, உட்புறம் ஒன்று, கரை அருகில் ஒன்று, முந்தானை முழுதும் விரித்தது ஒன்று, ஒருவர் கட்டிக்கொண்டு நிற்பது ஒன்று. கொசுவம் எப்படி விழுகிறது என்று காட்டும் பத்து விநாடிப் படம் இருந்தால் இன்னும் நன்று. அழகிய மாடலும் ஸ்டூடியோவும் வேண்டியதில்லை. நிறம் உள்ளது உள்ளபடி தெரிந்தால் போதும். திரும்பி வரும் பார்சல்களில் நிறம் மாறியதாகச் சொல்லப்படுபவை பல. அவை படத்தின் குறையாலும் வருகின்றன.

ஒரு விதத்தில் சேலைக்காரர் அதிர்ஷ்டசாலிகள். ஆயத்த ஆடை விற்பவருக்கு அளவு என்னும் பெருந்தொல்லை உண்டு. சட்டை தோளில் இறுகியது என்று திரும்பி வரும். சேலைக்கும் வேட்டிக்கும் அத்தொல்லை இல்லை.

விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று சொல்லி விற்பது இணையத்தில் சர்வ சாதாரணமாகிவிட்டது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. ஆயினும் ஒரு படத்தை வைத்துக்கொண்டு அது எந்தத் தறியில் நெய்தது என்று வாங்குவோரால் சொல்ல முடியாது. 700 ரூபாய்ச் சேலையும் 1,500 ரூபாய்ச் சேலையும் திரையில் ஒரே மாதிரி தோன்றுகின்றன. இந்நிலையில் நம்முடையது விலை அதிகம் என்று அவர் எண்ணுவது இயல்பு. சில்க் மார்க் 2004 முதலும் ஹேண்ட்லூம் மார்க் 2006 முதலும் இருந்து வருகின்றன. காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் பட்டுகளுக்கும் 2019இல் செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. முறைப்படி அனுமதி பெற்ற சங்கங்கள் இவற்றைப் பெட்டிக்குள் ஒரு சீட்டாகப் போடுவதோடு நின்றுவிடுகின்றன. வாங்குவதற்கு முன்பல்லவா அது அவர் கண்ணில் பட வேண்டும்! எந்த ஊர்ச் சங்கம், எந்த ஆண்டு பதிவானது, எத்தனை தறிகள் என்பதையும் சேர்த்துப் போட்டால், பெயரும் ஊரும் இல்லாத கடைகளிடையே நம் கடை தனித்துத் தெரியும்.

முகம் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்ப மக்கள் தயங்குவது புதிய செய்தியன்று. 1872இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்பவர், தபாலில் சரக்கு விற்கும் வியாபாரத்தை ஒற்றைத் தாள் விலைப்பட்டியலோடு தொடங்கினார். அவர் நாடியது கிரேஞ்ச் என்ற பெயரில் ஏற்கெனவே ஒன்றுகூடியிருந்த விவசாயிகளின் சங்கங்களை. விலை மிகக் குறைவாக இருப்பதைக் கண்ட சிகாகோ நாளிதழ் ஒன்று, இது மோசடி, விவசாயிகள் ஏமாற வேண்டாம் என்று 1873இல் எழுதிற்று. பிறகு விசாரித்து அதனை வாபஸ் பெற்றது. 1875இல் வார்டு, பிடிக்கவில்லையென்றால் பணம் வாபஸ் என்று அறிவித்தார். அதன் பின் அவர் வியாபாரம் வளர்ந்த வரலாறு பிரசித்தம். நம் நாட்டுத் தபால் இலாகா 1877இலேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்து, சரக்கு கைக்கு வந்த பின் பணம் கட்டும் வசதி செய்தது. இன்று வீட்டு வாசலில் பணம் கொடுத்துப் பெறும் முறை அதன் வழித்தோன்றலே.

பணம் வாபஸ் என்றால் சங்கத்தாருக்கு அச்சம் ஏற்படுகிறது. தணிக்கையில் கேள்வி வருமோ என்ற எண்ணமும் உண்டு. நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் மூலம் விதிகளை வகுத்துக்கொண்டால் அதற்கு இடமில்லை: எத்தனை நாளுக்குள், எந்த நிலையில், தபால் செலவு யாருடையது என்று எழுதிவிட வேண்டும். எழுதுவது இப்போது கடமையுமாகும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, திரும்பப் பெறும் நிபந்தனை, குறைதீர்க்கும் அலுவலரின் பெயர் ஆகியவை வெளியிடப்பட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாசலில் பணம் பெறும் பார்சல்கள் வாங்கப்படாமல் திரும்பினால் இரு வழிச் செலவும் நம் தலையில் விழும். அனுப்புவதற்கு முன் ஒரு முறை தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்ளும் சங்கம் இந்த இழப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்லப்போவது சரக்கு இருப்புப் பதிவேடு பற்றி. ஆய்வாளன் எங்கே போனாலும் பதிவேட்டில் வந்து நிற்கிறான் என்று அங்கத்தினர்கள் சிரிக்கலாம். ஆனால் இணையக் கடையைக் கெடுப்பவற்றுள் இதைவிடப் பெரியது வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. கைத்தறியில் ஒரு பாவில் சில சேலைகளே இறங்குகின்றன. அவற்றிலும் ஊடை நிறத்தை மாற்றினால் ஒவ்வொன்றும் தனித்தனி. அந்தச் சேலையின் படம் இணையத்தில் இருக்கிறது. சேலை விற்பனை நிலைய அலமாரியில் இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் அதை வாங்கிப் போய்விடுகிறார். மாலையில் கோவையிலிருந்து ஒருவர் அதே சேலைக்குப் பணம் கட்டுகிறார். மறுநாள், "இருப்பில் இல்லை, வேறு நிறம் அனுப்பலாமா?" என்று அவருக்குச் செய்தி போகிறது. பணம் திரும்பக் கிடைத்தாலும் அவர் மீண்டும் வரமாட்டார். விளம்பரத்துக்கு நாம் கொடுத்த 400 ரூபாயும் அவரோடு போயிற்று.

இணையத்துக்கென்று ஒதுக்கிய சரக்கைத் தனி அலமாரியில் வைத்து, பதிவேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை தீரும். இருநூறு ரகம் ஏற்ற வேண்டியதில்லை. மீண்டும் நெய்து தரக்கூடிய இருபது ரகங்கள் போதும். ஒரே வடிவத்தை ஐந்தாறு தறிகளில் ஓட்டினால் ஒரே படம் பல சேலைகளுக்கு உதவும். அடுத்த முறை சாயமிடும்போது நிறம் சற்று ஏறி இறங்கும். அப்போது புதுப்படம் எடுக்க வேண்டியதுதான். எது விற்கிறது என்று மாதந்தோறும் தெரிவதால், உற்பத்தித் திட்டத்தையும் அதற்கேற்ப மாற்றலாம். முதலில் நெய்துவிட்டுப் பிறகு வாங்குவோரைத் தேடும் நம் பழக்கத்தை மாற்ற இது ஒரு வாய்ப்பு.

இன்னொரு சங்கடம் நேரம். சங்க அலுவலகம் மாலையில் பூட்டப்படுகிறது. சேலை பார்ப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னரே கைப்பேசியை எடுக்கிறார்கள். கேள்விக்குக் காலை பத்து மணிக்குப் பதில் போகும்போது அவர் வேறிடத்தில் வாங்கிவிட்டிருப்பார். நெசவாளர் குடும்பத்தில் படித்த இளைஞரோ இளம் பெண்ணோ ஒருவரை, விற்பனையில் ஒரு பங்கு கமிஷனுக்கு இப்பணியில் அமர்த்தலாம். தறியைப் பற்றிக் கேட்டால் வீட்டிலிருந்தபடியே படமெடுத்து அனுப்ப அவரால் முடியும்; நகரத்துக் கம்பெனிக்காரரால் முடியாது.

பெரிய இணையச் சந்தைகளில் சேர்ந்து விற்கலாமே என்றால், தாராளமாகச் செய்யலாம். அங்கே தெரு இருக்கிறது. கமிஷன் கொடுக்க வேண்டும். வாங்கியவரின் விலாசம் அச்சந்தைக்கே உரியதாகிறது, நம் பில் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஜவுளி அமைச்சகம் 2023இல் கைவினைஞருக்கும் நெசவாளருக்குமாகத் தொடங்கிய இந்தியா ஹேண்ட்மேட் தளத்தையும் நிர்வாகக் குழுவினர் பரிசீலிக்கலாம். விளைபொருள் சங்கங்கள் மஞ்சளும் நாட்டுச் சர்க்கரையும் இணையத்தில் விற்க முனையும்போதும் இதே தடைகளைச் சந்திக்கின்றன. மஞ்சளை முகர்ந்து பார்க்க முடியாது என்பது ஒன்றே வேறுபாடு.

மூன்று மாத விற்பனையை வைத்து இணையக் கடையை மூடுவதும் சரியன்று, கண்ணை மூடிக்கொண்டு விளம்பரத்துக்கு மேலும் தொகை ஒதுக்குவதும் சரியன்று. ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு முகூர்த்த காலம் கடந்த பிறகே முடிவுக்கு வரலாம். அதுவரை செயலாளர் ஒரு சிறு நோட்டில் மாதந்தோறும் சில எண்களைக் குறித்து வரட்டும்: கடைக்குள் வந்தவர் எத்தனை பேர், விவரம் கேட்டவர் எத்தனை பேர், வாங்கியவர் எத்தனை பேர், திரும்பி வந்த பார்சல் எத்தனை, என்ன காரணத்தால் வந்தது. வந்தவரே குறைவென்றால் பில் புத்தகத்துக்குப் போக வேண்டும். வந்தவர் பலர், கேட்டவர் சிலர் என்றால் படமும் விவரமும் போதவில்லை. கேட்டும் வாங்கவில்லையென்றால் பதில் தாமதமா, நிபந்தனை தெளிவில்லையா என்று பார்க்க வேண்டும். நோட்டின் கடைசிப் பத்தியை, இரண்டாம் முறை வாங்கியோருக்கென்று விட்டுவைக்க வேண்டும். அடுத்த ஆய்வின்போது நான் முதலில் பார்க்க விரும்புவது அந்தப் பத்தியையே.